நலமான நாளில் எழுதவேண்டிய நோட்டு

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர் கவாத்து செய்த நாளை நோட்டில் குறித்துக்கொண்டால், கொடிக்கு அடுத்து எப்போது என்ன செய்யவேண்டும் என்பது எளிதில் விளங்கும். மனநோயுற்றுத் தேறியவரும் தம் உள்ளத்துக்கென இத்தகைய நோட்டு ஒன்றை எழுதி வைக்கலாம் என்பதே நாம் இங்குக் கூற விரும்பும் விஷயம்.

1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மேரி எல்லன் கோப்லாண்ட் என்ற அம்மையாரும், மனநோயின் துன்பத்தைத் தாமே அனுபவித்தவர் சிலரும் கூடி இம்முறையை வகுத்தனர். அந்நாட்டு முன்னாள் படைவீரரிடையேயும் இது பரவியுள்ளது. இதனை எழுதுபவர் நோயுற்றவரே; வைத்தியரும் வீட்டாரும் அல்லர். முறையின் உயிர் இதில்தான் உள்ளது.

கவாத்து என்னும் சொல் தோட்டத்திற்கும் படைவீரர் பயிற்சி மைதானத்திற்கும் பொதுவானதன்றோ! பட்டாளத்திலிருந்து நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்று, உத்தமபாளையம் பக்கம் வயலுக்குத் திரும்பிய ஒருவரை நினைத்துக் கொள்வோம். திருவிழா அதிர்வேட்டு அவரை உலுக்கி விடுகிறது. இரவில் உறக்கமில்லை, மனைவியிடமும் பேச்சில்லை, மோட்டார் அறையருகே தனித்து அமர்ந்திருக்கிறார். "பட்டாளத்தார் கோபக்காரர்" என்று ஊரார் ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வாறு ஒதுங்குவதே பெருந்தீங்கு என்பது நமது கருத்து.

மனம் தெளிந்திருக்கும் நாளில் அவர் எழுத வேண்டியவை இவை போன்றவை: நலமாயிருக்கையில் நான் கலகலப்பாகப் பேசுவேன். நாள்தோறும் மாத்திரையைத் தவறவிடலாகாது, மது வேண்டாம், விடியலில் வாய்க்கால் வரை நடக்க வேண்டும். வேட்டுப் போடும் நாளில் தோட்டத்து வீட்டில் தங்குவேன். இரண்டு இரவு உறங்காவிட்டால் மைத்துனருக்குச் சொல்லுங்கள். பூச்சிமருந்துப் பெட்டியின் சாவி எப்போதும் தம்பியிடமே இருக்கட்டும். நிலை முற்றினால் என்னை அழைத்துச் செல்லவேண்டிய மருத்துவமனை இது, உடன் வரவேண்டியவர் இவர், வரக்கூடாதவர் இன்னார். காவல் மாற்றுவதற்குக்கூட எழுத்திலே நிலையாணை கண்ட படைவீரருக்கு இது புதிதாகத் தோன்றாது.

நோயுற்றவரின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றிப் போயிற்று. மாண்டவர் 28 பேர்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த எவரும் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் பேசவேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கலாம். பின்னர் மாற்றவும் செய்யலாம். அவசர சிகிச்சையை மட்டும் அது தடுக்காது. வீட்டு நோட்டு வேறு, இவ்வறிவிப்பு வேறு. எனினும் முன்னதை எழுதியவருக்குப் பின்னதை எழுதுவது எளிது.

பஞ்சாயத்து உறுப்பினர் இதில் செய்யத்தக்கது சிறிதே. நோட்டைத் தாமே எழுதித் தருவதும், அதைக் கூட்டத்தில் பேசுவதும் கூடாது. எழுதத் தெரியாதவர் கேட்டால், அவர் சொற்களை அவ்வாறே எழுதிக் கொடுக்கலாம். திருவிழாக் குழுவினரிடம் வேட்டுப் போடும் நேரத்தை முன்னதாக அறிவிக்கச் சொல்லலாம். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லலாம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், பூச்சிமருந்துக் கடை வாசலிலும் எழுதி வைக்கலாம்.