மருவை உறையவைக்கும் முன்

திருவனந்தபுரத்தில் 'கிரையோ' என்னும் சொல்லைக் கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ராக்கெட்தான். நகரை அடுத்த வலியமலையில் உள்ள திரவ உந்துமுறை மையமும், தமிழகத்து மகேந்திரகிரியில் உள்ள சோதனைத் தளமும் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் திரவ ஆக்சிஜனையும், மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும் கையாள்கின்றன. அதே உறைகுளிர் அறிவியலின் சிறு கிளை ஒன்று தோல் மருத்துவரின் அறையிலும் இடம் பெற்றுள்ளது. கையடக்கமான ஓர் எஃகுக் குடுவை. அதனுள் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். கால்நடை மருத்துவமனைகளில் காளை விந்தைப் பாதுகாக்கும் கொள்கலத்தில் இருப்பதும் இதே திரவந்தான்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதி மக்கள் மருத்துவத்திற்காக இந்நகருக்கு வருவது இன்று நேற்றைய வழக்கமன்று. 1956இல் எல்லை மாறியது. மருத்துவமனைப் பழக்கம் மாறவில்லை. அவ்வாறு வரும் நம் வாடிக்கையாளர்கள், "மருவை உறையவைத்து எடுக்கச் சொல்கிறார்கள், இதற்குக் காப்பீடு கிடைக்குமா?" என்று வினவுவதுண்டு. காப்பீட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். அதற்கு முன் கேட்கவேண்டிய வேறு கேள்விகள் உள்ளன.

இங்குள்ள பலகைகளில் காணும் மலையாளச் சொற்கள் நமக்குச் சற்றுக் குழப்பம் தரலாம். 'அரிம்பாற' என்பது மரு. 'ஆணிரோகம்' என்பது உள்ளங்காலில் வருவது. நாமோ கால் ஆணி என்ற ஒரே பெயரால் இரண்டு நோய்களைக் குறிக்கிறோம். ஒன்று, செருப்பின் உராய்வால் தோல் தடித்துப்போவது. மற்றொன்று, வைரஸால் உண்டாகும் உள்ளங்கால் மரு. முன்னதற்குக் காரணமான அழுத்தத்தை நீக்கவேண்டும். பின்னதற்கே உறைகுளிர்ச் சிகிச்சை பற்றிய பேச்சு எழும்.

குளிரைக் கொண்டு தோல் நோயை அகற்றும் எண்ணம் பழையது. 1899இல் நியூயார்க் மருத்துவர் காம்ப்பெல் ஒயிட் திரவக் காற்றைப் பயன்படுத்தினார். 1950இல் ஆலிங்டன் என்னும் அமெரிக்கர் திரவ நைட்ரஜனைப் பஞ்சில் தோய்த்து ஒற்றும் முறையை எழுதினார். இன்று பெரும்பாலும் நுண்முனை வழியாகத் தெளிக்கிறார்கள். மருவும் அதைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தோலும் வெண்மையாக உறையும்வரை தெளித்து, பின்னர்த் தானாக உருகவிடுவார்கள். உயிரணுக்களின் உள்ளே பனிப்படிகங்கள் உருவாகி அவற்றைச் சிதைக்கின்றன; சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் எஞ்சியவையும் மடிகின்றன. விரைவாக உறைந்து மெதுவாக உருகும்போதுதான் சேதம் மிகுதி. மெல்லிய புடைப்புகளுக்குச் சில வினாடிகள் போதும். தடித்த மருவுக்குக் கூடுதல் நேரமும், இரண்டு மூன்று வார இடைவெளியில் பலமுறை வருகையும் தேவைப்படும்.

நம் வாசகர்கள் சற்று நின்று படிக்கவேண்டிய இடம் இதுதான். தோலில் உள்ள எல்லா உயிரணுக்களும் ஒரே குளிரில் அழிவதில்லை. மேல்தோலின் உயிரணுக்கள் மடிய ஏறத்தாழ மைனஸ் 20 முதல் 30 டிகிரி வேண்டும். நமக்கு நிறம் தரும் நிறமி உயிரணுக்களோ மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே அழியத் தொடங்கிவிடும். ஆகவே மரு போவதற்குள் நிறம் போய்விடுகிறது. வெள்ளைத் தோலில் இது கண்ணுக்குப் படாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அவ்விடம் வெண்மையாகத் தெரியும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு நிலைத்தும் விடும். அழகுக்காக ஒரு கரும்புள்ளியை நீக்கச் சென்றவர் முகத்தில் வெண்புள்ளியோடு திரும்பினால், அதை வேறு நோயாகக் கருதித் திருமணப் பேச்சிலும் கேள்வி எழுப்பும் சமூகம் நம்முடையது.

நடுவயதில் நம்மவர் கன்னங்களிலும் கழுத்திலும் பொடிப்பொடியாகத் தோன்றும் கரும்புடைப்புகள் தீங்கற்றவை. அவற்றை உறையவைப்பதைக் காட்டிலும் நுண்ணிய மின்முனையால் நீக்குவதை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும்; ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழியே. முகத்தில் உறைகுளிர்ச் சிகிச்சைதான் என்று முடிவானால், "ஒரே ஒரு புள்ளியில், குறைந்த நேரம் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

இதைவிட முதன்மையான கேள்வி, உறையவைக்கப்போவது என்ன என்பதே. கத்தியால் எடுத்தால் அத்துணுக்கை ஆய்வகத்திற்கு அனுப்பலாம். உறையவைத்ததை அனுப்ப இயலாது. சோதிக்க எதுவும் எஞ்சுவதில்லை. எனவே கரிய மச்சத்தை, அது மச்சமா வேறொன்றா என உறுதிசெய்யாமல் உறையவைக்கக் கூடாது. வடிவம் மாறுவது, ஓரம் ஒழுங்கின்றிப் படர்வது, தானாக இரத்தம் கசிவது, ஆறாமல் நிற்பது ஆகியவை பயாப்சிக்கு உரிய அறிகுறிகள். இந்தியருக்கு நிறமிப் புற்றுநோய் அரிது. ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது மிகுதி. 'கால் ஆணிதானே' என்று கடைக்களிம்பைப் பூசிக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பது ஆபத்தானது.

மருக்கள் பல தாமாகவே மறைபவை. குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை போய்விடும். தலைமுடியால் கட்டுவதும், வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் செலுத்துவதும் நம் முன்னோர் வழக்கம். பின்னதால் தோலுக்குத் தீங்கில்லை. பிரார்த்தனைக்கும் பலனுக்கும் இடைப்பட்ட காலத்தில் உடலும் தன் வேலையைச் செய்கிறது. சுண்ணாம்பு வைப்பதுதான் புண்ணாக்கித் தழும்பு தரும்.

உள்ளங்கால் மரு உடைய 240 பேரிடம் நடந்து, 2011இல் வெளியான ஆய்வு ஒன்றை இங்குக் குறிப்பிடவேண்டும். பாதிப்பேருக்குத் திரவ நைட்ரஜன், மீதிப்பேருக்கு நாள்தோறும் வீட்டில் பூசும் சாலிசிலிக் அமிலம். பன்னிரண்டு வாரங்களில் மரு முற்றும் நீங்கியவர்கள் இரு பிரிவிலும் 14 விழுக்காட்டினரே. செலவு அமிலத்திற்கே குறைவு. வணிகவியல் படித்த நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்குகிறது. கையில் உள்ள மருக்களுக்கு உறைகுளிர் மேலும் நன்றாகப் பயன்படுவதுண்டு. எனினும் முதல் நாளே அதைத் தேடவேண்டிய அவசரம் எவருக்கும் இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியே ஒரு சொல். காலில் இரத்தவோட்டமும் உணர்வும் குன்றியவர்களுக்கு உறைகுளிர்ப் புண் ஆறுவது கடினம். மருத்துவர் கேட்காவிடினும் நீங்கள் சொல்லிவிடுங்கள். குளிர் பட்டால் தடிப்பவர்களும், விரல்கள் வெளுத்து மரத்துப்போகிறவர்களும் அவ்வாறே முன்கூட்டித் தெரிவிக்கவேண்டும்.

இனிப் பணம். வழக்கமான காப்பீடு 24 மணிநேர உள்நோயாளிச் சிகிச்சைக்கும், பட்டியலிட்ட பகல்நேரச் சிகிச்சைகளுக்கும் உரியது. மரு நீக்கமோ வெளிநோயாளி அறையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெளிநோயாளிச் செலவுக்கான தனிப் பிரிவை உங்கள் பாலிசியில் சேர்த்திராவிட்டால் தொகை கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. அழகுச் சிகிச்சை என்று பதிவானால், அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஒன்றின்கீழ் வந்துவிடும். எனவே கைப்பணம் என்றே கருதிக் கணக்கிடுங்கள். கட்டணம் ஒரு மருவுக்கா, ஒரு வருகைக்கா, எத்தனை வருகைகள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதை முதல் நாளே கேட்டறியுங்கள். ஒரு வருகையின் விலையைக் கேட்டுத் தொடங்கி, ஐந்தாவது வருகையில் மலைத்து நிற்பவர்கள் உண்டு. உடல்நலக் காப்பீடே இல்லாத 60 வயதைக் கடந்தோர், பழைய வரிமுறையில் இருந்தால், மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ.50,000 வரை வரிக்கழிவு கோரலாம். ரொக்கமாகச் செலுத்தியது கணக்கில் சேராது. கார்டு, யூபிஐ அல்லது காசோலையால் செலுத்தி, நோயின் பெயர் எழுதிய ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்றே எரிச்சலும், மறுநாளுக்குள் கொப்புளமும் வரலாம். சிலவேளை அது இரத்தக் கொப்புளமாகவும் இருக்கும். அஞ்சவேண்டா, குத்தி உடைக்கவும் வேண்டா. சோப்பும் நீரும் கொண்டு தூய்மையாக வைத்தால் போதும். பொருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் தானே உதிரும். காலில் இன்னும் சில நாள் கூடுதலாகும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அடுத்த வருகைக்குக் குறித்த தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.