காலி பஸ்

தம்பி,

ஜனவரியில் சென்னை மாரத்தானில் நாலரை மணி நேர (4:30) பஸ்ஸுக்கு உன்னைப் பேசராகப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குறித்த நேரத்தில் முடிக்கும்படி கொடியோடு முன்னால் ஓடும் பேசரையும் அவர் பின்னால் ஓடும் கூட்டத்தையும் நம் ஆட்கள் பஸ் என்று சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் முதல்முறை கொடி பிடித்தபோது அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. 4 மணி 29 நிமிடம் 48 விநாடியில் முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. கிளம்பும்போது இருபத்தைந்து பேராவது இருந்தார்கள். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது, காலியாக.

தொடக்கம் நேப்பியர் பாலத்தருகே, விடியற்காலை 4 மணிக்கு. இருட்டு, லேசான காற்று, எல்லோர் காலிலும் துள்ளல். பின்னால் வெயில் வருமே, இப்போதே இரண்டு நிமிடம் சேர்த்து வைத்துவிடலாம் என்று நானும் அழுத்தினேன். அந்த நேரத்தில் சென்னையில் சூடு குறைவு, ஆனால் ஈரப்பதம் அதிகம். வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது, அந்த வியர்வை காய வேண்டும். தார்ரோட்டில் சொட்டிப்போகும் வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சூட்டை வெளியே தள்ள தோலுக்கும் ரத்தம் வேண்டும், ஓடுகிற தசைக்கும் வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க, அதே வேகத்திலேயே இதயம் கூடுதலாக அடிக்கும். இருட்டில் இது யாருக்கும் தெரிவதில்லை. ஆறரை மணி வாக்கில் சூரியன் வரும்போது உன் பஸ் 23-வது கிலோமீட்டரில் இருக்கும். மீதி 19 கிலோமீட்டரும் வெயிலில்தான். சேமிப்பு என்று நான் நினைத்தது கடன் என்று அங்கேதான் புரிந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 4:30-க்கு முடிக்க கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி (6:24) போதும். ஆனால் வளைவுகளில் விலகி, ஆட்களைச் சுற்றி ஓடுவதால் வாட்ச் 42.6 கிலோமீட்டர் வரை காட்டும். அதனால் வாட்சில் 6:20 வை. தண்ணீர் மேஜை 2 கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடப்பதற்கு 20 விநாடி ஒதுக்கினால், ஓடும் வேகம் 6:10. முதல் மேஜையிலிருந்தே நட. யாருக்கும் தாகமே இல்லையென்றாலும் நட. நான் அன்று ஓடிக்கொண்டே கப்பை வாங்கினேன். பின்னால் வந்தவர்கள் நின்று குடித்துவிட்டு, என்னைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் விரட்டிக்கொண்டு வந்தார்கள். இருபது தடவை அப்படி விரட்டினால் யார்தான் மிஞ்சுவார்கள்?

அதற்காக “குடிங்க, குடிங்க” என்று கத்தாதே. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போதே எடை கூடுகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் அது அதிகம். தாகத்துக்குக் குடிக்கச் சொல், நீண்ட ஓட்டத்தில் பழகிய உப்புப் பானத்தை வைத்துக்கொள்ளச் சொல், அவ்வளவுதான்.

உன் தயாரிப்புக்கு வருகிறேன். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஐந்து மணிக்கே ஓடி முடித்து காபி குடிக்கிற ஆள் நீ. டிசம்பரில் இரண்டு வாரமாவது ஏழரைக்குக் கிளம்பு, மெதுவாக ஓடு. போகும்முன்னும் வந்தபின்னும் எடை பார். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, வழியில் குடித்ததை அதோடு கூட்டிக்கொள். கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிப் பார். கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று அடித்தால் அது பாய்மரம் மாதிரி பின்னால் இழுக்கும். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகச் சத்தமாய்ப் பேசிப் பழகு. மூச்சு வாங்கினால் அன்றைக்கு அந்த வேகம் உன் வேகம் இல்லை.

ஒன்றில் மட்டும் விளையாடாதே. ஒருமுறை, மகள் கல்யாணத்தைப் பற்றி எட்டு கிலோமீட்டராக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். பிறகு கால் பின்னியது, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போனார். “எத்தனாவது கிலோமீட்டர் சார்?” என்று கேட்டேன். “பெட்டி எல்லாம் ஏத்தியாச்சா?” என்றார். பேச்சு குழம்பினால் அது வெப்பத்தாக்கம் என்றே எடுத்துக்கொள். வியர்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஏமாறாதே. நிறுத்து, நிழலில் படுக்கவை, மருத்துவக் குழுவைக் கூப்பிடச் சொல், ஐஸும் தண்ணீரும் எங்கே கிடைத்தாலும் உடம்பு முழுக்க ஊற்று. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நிற்காதே, முதலில் குளிர்விக்க வேண்டும். கொடியைக் கூட இருக்கும் பேசரிடம் கொடுத்துவிடு. அன்று நான் 4:30-க்கு முடிக்கவில்லை. அவர் பிழைத்தார், கல்யாணப் பத்திரிகையும் வந்தது.

அதனால் கிளம்புவதற்கு முன்பே கூட்டத்திடம் வெளிப்படையாகப் பேசிவிடு: “வெயில் ஏறினால் உங்களில் சிலருக்கு இன்றைக்கு 4:45-தான். பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள், அவமானம் இல்லை.” சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வரும் ஞாயிறு ஏழரைக்குப் பெசன்ட் நகர் வா. எடை மெஷினை நான் வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். கொடியோடு வா, காற்றும் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்