ஒரு ஆளுக்கும் உலை வையுங்கள்

செட்டிநாட்டில் இருக்கிற எங்கள் கண்டரமாணிக்கத்திலிருந்து படிக்கவும் வேலை பார்க்கவும் வெளியூர் போன பிள்ளைகள் சமையல் சந்தேகம் என்று எனக்குப் போன் போடுகிறார்கள். முதலில் குழம்புக்கு எத்தனை மிளகாய் என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் மனசில் இருப்பது வெளியே வரும்: "தனியாத்தான் இருக்கேன் ஆச்சி. எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல்னு விட்டுடறேன்." இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்குத் தனிமை புதிதில்லை. பர்மா, மலாயா, சிலோன் என்று கொண்டுவிற்கப் போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, நடந்தே வருகிறவர்களில் நம் வீட்டு ஆள் உண்டா என்று காத்திருந்த வீடுகள் இந்தச் சீமையில் ஏராளம். அவ்வளவு பெரிய வீட்டைப் பெண்கள் எப்படித் தாங்கினார்கள்? எங்கள் ஆயாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அந்தந்த மாசத்து வேலை இருந்துச்சு ஆத்தா" என்றார்கள். நான் உங்களுக்குச் சொல்லப்போவதும் அதைத்தான்.

1. ஒரு ஆளாக இருந்தாலும் உலை வையுங்கள். அரை ஆழாக்கு அரிசி, ஒன்றரை ஆழாக்குத் தண்ணீர், சின்னப் பாத்திரம். அரை மணி நேரத்தில் ஆகிற வேலை. எங்கள் வீட்டு அடுப்படிகள் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் ஊரே கூடிச் சாப்பிடுவதற்காகக் கட்டியவை. பரண் மேல் இருக்கும் அண்டாவையும் தவலையையும் இறக்க நாலு ஆள் வேண்டும். அப்படிப்பட்ட அடுப்படியில் எங்கள் மாமியார் வருஷக்கணக்கில் தான் ஒருவருக்காக ஒரு கைப்பிடி பருப்பு வேகவைத்திருக்கிறார்கள். சமைத்து முடித்து, இலை போட்டு, தண்ணீர் எடுத்துவைத்து, உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். நீங்களும் அடுப்பருகே நின்றபடி சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடாதீர்கள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள்.

2. காலையில் எழுந்ததும் வானத்தைப் பாருங்கள். எங்கள் வீடுகளில் அதற்கென்று வெளியே போக வேண்டியதில்லை. முகப்பைத் தாண்டி வளவுக்குள் வந்தால் நடுவாசலில் வானம் தெரியும். வெயில் எந்தத் தூண் வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்தாலே பொழுது தெரியும், மாசமும் தெரியும். உங்களுக்கு ஒரு ஜன்னல் போதும். சமையலில் பாதி முடிவை வானமே எடுத்துவிடும். இட்லி மாவைப் பாருங்கள். சித்திரையில் காலையில் அரைத்தால் சாயங்காலத்துக்குள் பொங்கி வழிந்துவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அசையாது. புதிதாகச் சமைக்கிறவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நொந்துபோகிறார்கள். கை சரிதான், காலம் மாறியிருக்கிறது.

மாவு புளிக்காத நாளுக்கென்றே வெள்ளைப் பணியாரம் இருக்கிறது. ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்புங்கள். அதன் மேலேயே உளுந்தைக் கொட்டுங்கள். கோபுரமாக எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. தராசு, கணக்கு எதுவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் சேர்த்தே ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் நைசாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு கரண்டி பாலும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்ததும் நடுத்தரத் தீயில் குழிக்கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். தானே மேலே வந்து உப்பும். திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிடுங்கள். வெள்ளையாக இருந்தால்தான் அது வெள்ளைப் பணியாரம். தொட்டுக்கொள்ள வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு சேர்த்து அரைத்த துவையல். அடைமழை நாளில் இதைச் சாப்பிட்டவர்கள் மழையை வைய மாட்டார்கள்.

3. கோடையை வீணாக்காதீர்கள். கத்திரி வெயிலில் எல்லாரும் சோர்ந்து கிடக்கும்போது எங்கள் வளவில்தான் வேலை மும்முரமாக இருக்கும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மிதுக்கங்காய் என்று தட்டுத்தட்டாகக் காயும். முதலில் மோர்மிளகாய் போட்டுப் பழகுங்கள். அரைக்கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனியில் மட்டும் கீறி, உப்புப் போட்ட கெட்டியான புளித்த மோரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். மூன்றாம் நாள் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் வையுங்கள். மோரைக் கொட்டிவிடாதீர்கள். சாயங்காலம் மிளகாய் அதே மோருக்குள் திரும்பப் போக வேண்டும். பகலில் வெயில், இரவில் மோர். மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீர்க்கும் வரை இப்படியே செய்து, பிறகு கலகலவென்று சத்தம் கேட்கும் வரை காயவைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை நிறம் போய் வெளுத்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் ஜன்னல் திட்டில் ஒரு தட்டும், மேலே மூட ஒரு மெல்லிய துணியும் போதும். ஐப்பசியில் ஒருநாள் மழை கொட்டும்போது இதை எண்ணெயில் போட்டுத் தயிர்ச்சோற்றோடு சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே மிளகாயைத் திருப்பிப் போடுங்கள். வரப்போகும் ஒரு நாளுக்காகக் கை வேலை செய்கிறபோது மனசு அவ்வளவாகக் கலங்காது. நான் கண்டு அனுபவித்தது இது. கோடை முழுக்கக் காலையில் பழைய சோறும் நீராகாரமும் சாப்பிடுங்கள். உடம்பு கேட்பது அதைத்தான்.

4. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். இது மழை குறைந்த சீமை. ஊருணித் தண்ணீரைக் குடித்து, வீட்டுக் கூரையில் விழுகிற மழையை நடுவாசல் அண்டாவில் பிடித்து வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊர் மண்டிக் குழம்பு இந்தச் சிக்கனத்தில் பிறந்த சமையல்தான் என்று நான் நம்புகிறேன். முதல் கழுவலில் தூசி போகும், அதைச் செடிக்கு ஊற்றுங்கள். இரண்டாம் கழுவலைக் கெட்டியாக எடுத்து அதில் புளியைக் கரையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, வெண்டைக்காயைப் பிசுபிசுப்பு போகும் வரை வதக்கி, கரைத்ததை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். அரிசி மாவும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம், அந்தத் தண்ணீரே குழம்பைக் கெட்டியாக்கும். மாங்காய்க் காலத்தில் மாங்காய் மண்டி செய்யுங்கள். அதற்குப் புளியைக் குறைத்து வெல்லம் ஒரு துண்டு சேர்க்க வேண்டும்.

5. ஆடியில் கும்மாயம் கிண்டுங்கள். காற்றுக் காலம் அது. எதையும் வெளியில் காயவைக்க முடியாது, புழுதி வந்து அப்பும். உளுந்தோடு கொஞ்சம் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வாசம் வரும்படி வறுத்து அரைத்த மாவு, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, நெய், நல்லெண்ணெய். கட்டி விழாமல் கரைத்துக் கைவிடாமல் கிண்டினால் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். அதுவரை செல்போனை அடுப்படிக்கு வெளியே வைத்துவிடுங்கள். கைவிடாமல் கிண்டுகிற அந்தக் கால் மணி நேரம் உங்கள் மனசுக்கும் நல்லது.

6. ஒரு மரத்தை வருஷம் முழுக்கக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் அது பனை. சித்திரை வைகாசியில் நுங்கு. ஆவணி புரட்டாசியில் பழம் விழும், சுட்டால் தெருவே மணக்கும். அந்தப் பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்துவைத்தால் மார்கழி தையில் கிழங்கு. மஞ்சள் போட்டு வேகவைத்து, நாரை உரித்து, நடுவில் இருக்கிற நரம்பை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும். ஒரே மரம் மூன்று பருவத்துக்கும் சோறு போடுகிறது. நீங்கள் இருக்கும் ஊரில் பனை இல்லாவிட்டால் முருங்கை, அதுவும் இல்லாவிட்டால் அந்த ஊர் மரம் எதுவோ அது. எப்போது பூத்தது, எப்போது காய்த்தது என்று பார்த்துவைத்தால் அந்த ஊர் உங்களுக்கும் சொந்த ஊராகத் தொடங்கும்.

7. மழைக்காலத்தில் அஞ்சறைப் பெட்டியைக் கவனியுங்கள். பட்டை, கல்பாசி, மராத்தி மொக்கு, சோம்பு எல்லாம் ஐப்பசி ஈரத்தில் மணம் இழக்கும். மாசத்துக்கு அரைத்துவைக்காமல் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வறுத்துப் பொடியுங்கள். அரிசிப் பானையில் காய்ந்த வேப்பிலையும் நாலு வரமிளகாயும் போட்டுவையுங்கள், வண்டு வராது. சளி பிடிக்கும் முன்பே மிளகு ரசம் வையுங்கள்.

8. மனசு சரியில்லாத ராத்திரியில் எதையாவது ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள். கொண்டைக்கடலையோ, மொச்சையோ. நான் கவுனி அரிசி போடுவேன். பர்மாவிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்லும் கருப்பரிசி அது. தவிடு நீக்காத அரிசி என்பதால் அவசரப்படுத்தினால் வேகாது, ராத்திரி முழுக்க ஊற வேண்டும். விடிந்து பார்த்தால் தண்ணீர் கருநீலமாக நிறம் மாறியிருக்கும். அந்தத் தண்ணீரையே உலைக்கு வைத்து, அரிசி மலர்ந்து குழைந்த பிறகுதான் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சர்க்கரையைப் போட்டால் அரிசி விறைத்துவிடும். துக்கத்தில் இருந்த நாட்களில் காலையில் எழுந்திருக்க எனக்கு இந்தப் பாத்திரம் காரணமாக இருந்திருக்கிறது. ஊறவைத்ததை வீணாக்கக் கூடாது என்று எழுந்து அடுப்படிக்குப் போவேன், பிறகு அன்றைய பொழுது நகர்ந்துவிடும். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

9. சிட்டை எழுதுங்கள். கணக்கு எழுதியே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. கல்யாணத்துக்கு வந்த சாமான்கூட ஒன்றுவிடாமல் பட்டியலாகும். அதே பழக்கத்தில் அடுப்படிக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வெயிலா மழையா, என்ன சமைத்தேன், யார் வந்தார்கள், மனசு எப்படி இருந்தது. நாலு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வருஷம் கழித்துப் புரட்டினால், போன புரட்டாசியிலும் இதே புழுக்கத்தில் இதே எரிச்சல் இருந்தது, ஐப்பசி முதல் மழையோடு அது போயிற்று என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்குச் சொல்லும்.

10. பிள்ளையார் நோன்பைத் தனியாகக் கும்பிடாதீர்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வருவது நகரத்தாராகிய எங்களின் இந்த நோன்பு. நாளுக்கு ஒன்றாகப் புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலையும் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, பெரியவர்கள் எடுத்துக் கொடுக்க அந்த இழையைச் சுடரோடு வாங்கி விழுங்குகிறோம். எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும், அதனால்தான் இதைத் தனியாகச் செய்ய முடியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் நகரத்தார் சங்கங்கள் ஒரே கூடத்தில் எல்லாரையும் சேர்த்து இழை கொடுக்கிறார்கள். வெட்கப்படாமல் போய் நில்லுங்கள். உங்கள் வீட்டில் வேறு நோன்பு என்றால் அதற்கு யார் கூடுகிறார்களோ அங்கே போங்கள்.

11. குளிர் நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில் நம் மாசக்கணக்கு ஒத்துவராதே என்று கேட்கிறீர்கள். அந்த ஊர்ச் சந்தையில் எந்தக் காய் மலிவாகக் குவிந்திருக்கிறதோ அதுதான் அந்த மாசத்துக் காய். பரங்கி குவிந்திருந்தால் பரங்கிக்காய்ப் புளிக்கறி செய்யுங்கள். மண்டிக்கு வெண்டைக்காய்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை.

12. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் அளவு கேட்டால் "கொஞ்சம்", "கண்ணளவு" என்றுதான் எங்களுக்குச் சொல்ல வருகிறது. மறைத்துவைப்பதாக நினைக்காதீர்கள், கைக்குத்தான் அளவு தெரியும், வாய்க்குத் தெரியாது. அதனால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடாமல் இரண்டு நாள் கூடத் தங்குங்கள். வரும்போது சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று கொண்டுவாருங்கள். அப்பத்தாவோ ஆயாவோ உப்பைக் கையில் அள்ளியதும் "ஒரு நிமிஷம்" என்று நிறுத்தி, அந்த உப்பைத் தராசில் போட்டு எடை பார்த்து எழுதிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். மிளகாய்க்கும் புளிக்கும் அப்படியே செய்யுங்கள். எந்த மாசத்தில் செய்வீர்கள், யாருக்குப் பிடிக்கும் என்று செய்தீர்கள் என்பதையும் கேட்டு, அந்த அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.