வீட்டு வேலைகளுக்கு நடுவே ஜெபம்: 12 குறிப்புகள்

நேரம் கிடைக்கும்போது ஜெபிக்கலாம் என்று நான் இருந்த வருடங்களில் அந்த நேரம் கிடைக்கவே இல்லை. தண்ணீர் பிடிப்பது, டிபன் கட்டுவது, பிள்ளைகளை வேனில் ஏற்றுவது என்று பகல் ஓடிவிடும். இரவில் முழங்கால் போட்டால் தூக்கம் வந்துவிடும். ஜெபத்துக்கென்று புதிதாக நேரம் தேடுவதை விட்டேன். தினமும் செய்கிற வேலைகளோடு அதை முடிச்சுப் போட்டேன். அதன் பிறகுதான் அது நிலைத்தது. எங்கள் வீட்டில் பலன் தந்த வழிகளைச் சொல்கிறேன்.

1. வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ஐந்தரை மணிக்கு ஜெபம் என்று தீர்மானித்தால், குழந்தை ஐந்தேகாலுக்கு அழுத அன்று அது போய்விடும். தவறாமல் நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பல் தேய்த்ததும் ஜெபம், அதன் பிறகே பால் அடுப்புக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், மணி முன்னே பின்னே ஆனாலும் வரிசை மாறாது.

2. 5 நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் பத்தாம் நாள் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய சங்கீதம், ஒரு நன்றி, ஒரு வேண்டுதல், கடைசியில் பரமண்டல ஜெபம். முதல் மாதத்துக்கு இது போதும். 117ஆம் சங்கீதத்தில் 2 வசனங்கள்தான். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள் இருந்தாலும், அது 8 வசனங்கள் கொண்ட 22 பகுதிகளாகவே அமைந்திருக்கிறது. நாளுக்கு ஒரு பகுதி என்று 22 நாளில் வாசித்துவிடலாம்.

3. ஓர் இடத்தைக் குறித்து வையுங்கள். விடியுமுன்பே எழுந்து, ஆளில்லாத இடம் தேடிப் போய் இயேசு ஜெபித்ததை மாற்கு 1:35இல் வாசிக்கிறோம். இரண்டு அறை வீட்டில் தனியிடம் ஏது என்று கேட்கலாம். ஜன்னலோரம் ஒரு பாய் அல்லது ஒரு நாற்காலி போதும். ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். ஏப்ரனைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டால், அம்மா ஜெபிக்கிறார், இப்போது கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்களாம். நம் வீடுகளில் அந்த வேலையை முந்தானை செய்யும். அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்தால் சத்தம் போடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழக்குங்கள்.

4. முந்தின இரவே எடுத்து வையுங்கள். வேதாகமம், மூக்குக்கண்ணாடி, நோட்டு, பென்சில் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு ஜெபிக்கும் இடத்திலேயே மாட்டிவிடுங்கள். கண்ணாடியைத் தேடுவதிலேயே பல நாள் என் காலை நேரம் கரைந்திருக்கிறது.

5. செல்போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். எழுந்ததும் வாட்ஸ்அப் பார்த்தால் மனசு வேறு எங்கோ போய்விடுகிறது. அலாரத்துக்குப் பழைய டைம்பீஸ் போதும். வேதத்தைப் போனில்தான் வாசிப்பீர்கள் என்றால், அந்த நேரம் மட்டும் நெட்டை அணைத்துவிடுங்கள்.

6. வாசிப்புக்கு எளிய கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று எதை வாசிப்பது என்ற யோசனையே பலரை நிறுத்திவிடுகிறது. கீழே உள்ளவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.
- நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதி எதுவோ அந்த அதிகாரம்.
- சங்கீதங்கள் 150. தினம் 5 வீதம் 30 நாள்.
- புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று வாசித்தால் 52 வாரத்தில் முடியும்.
- 66 புத்தகங்களிலும் சேர்த்து 1189 அதிகாரங்கள். தினம் 3, ஞாயிறு 5 என்றால் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 புத்தகங்கள் என்பதால் அவர்களுக்குக் கணக்கு சற்றுக் கூடும்.

7. அரிசி அளக்கும்போது ஒரு பிடி. மிசோரம் திருச்சபைப் பெண்கள் சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தேவ ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். ‘புஃபாய் தாம்’ என்ற இந்த வழக்கம் 100 வருடங்களுக்கும் மேலாக அங்கே இருக்கிறது. நீங்களும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள். பிடி அரிசியை அதில் போடும்போது, இன்று பசியோடு இருப்பவர்களுக்காக ஒரு வாக்கியம் ஜெபியுங்கள். மாதக் கடைசியில் அந்த அரிசியைச் சபையிலோ, தேவைப்படும் ஒரு வீட்டிலோ கொடுங்கள். அடுப்படி ஜெபத்துக்கு ஏற்ற இடமில்லை என்று நினைக்க வேண்டாம். 1691இல் இறந்த சகோதரர் லாரன்ஸ், பாரிசில் கர்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கடவுளோடு பேசிப் பழகியவர். அந்த அனுபவம் பிறகு நூலாக வந்து, இன்றும் வாசிக்கப்படுகிறது.

8. துணி மடிக்கும்போது ஆளுக்கொரு ஜெபம். மகனுடைய யூனிஃபார்ம் கைக்கு வந்தால் அவன் படிப்புக்கும் நண்பர்களுக்கும், கணவர் சட்டை வந்தால் அவர் வேலைக்கும் பயணத்துக்கும், மாமியார் சேலை வந்தால் அவர் முழங்கால் வலிக்கும் ஜெபிக்கலாம். கூடை காலியாகும்போது வீட்டில் ஒருவரும் விடுபட்டிருக்கமாட்டார்கள். கோபத்தில் இருக்கும் நாளில் இதைச் செய்து பாருங்கள். ஒருவருக்காக ஜெபித்த பிறகு அவரிடம் கடுமையாகப் பேச வாய் வருவதில்லை.

9. ஜெபக் குறிப்பு நோட்டு ஒன்று வையுங்கள். கிழமைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திங்கள் உறவினர்கள், செவ்வாய் நோயாளிகள், புதன் பக்கத்து வீட்டார் என்று பிரித்துக்கொண்டால் பாரமாகத் தெரியாது. வேண்டுதலுக்கு எதிரே தேதி போடுங்கள். பதில் வந்ததும் அந்தத் தேதியையும் எழுதி ஸ்தோத்திரம் சொல்லுங்கள். யாராவது ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், முடிந்தால் அங்கேயே நின்று அவரோடு ஒரு நிமிடம் ஜெபித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும்.

10. குடும்ப ஜெபம் சாப்பாட்டுக்கு முன்பு. சாப்பிட்ட பிறகு என்றால் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். 15 நிமிடம் போதும். பாட்டை ஒருவர் எடுக்கட்டும், வேதத்தை ஒருவர் வாசிக்கட்டும், ஜெபத்தை ஒருவர் செய்யட்டும். தினமும் ஆள் மாறட்டும். மாதத்துக்கு ஒரு கீர்த்தனை என்று வைத்து அதையே திரும்பத் திரும்பப் பாடினால், புத்தகம் பார்க்காமல் பாடப் பிள்ளைகளுக்கு வந்துவிடும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துப் பாடல்கள் நம் கைக்கு வந்ததும் இப்படி வீடுகளில் பாடிப் பாடித்தான். இன்னொன்று, ஜெபத்தில் பிள்ளைகளைக் குத்திக்காட்ட வேண்டாம். மகனுடைய மார்க் குறைந்ததை நான் ஒருநாள் நீளமாக ஜெபித்தேன். “அம்மா கண்ணை மூடிக்கிட்டு என்னைத் திட்டுறாங்க” என்று அவன் தங்கையிடம் சொன்னான். அன்றே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

11. பகலில் ஒரு நிறுத்தம் வேண்டும். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காலிட்டதை தானியேல் 6:10 சொல்கிறது. கத்தோலிக்கக் கோவில்களில் காலை, நண்பகல், மாலை என மூவேளை ஜெபத்துக்கு மணி அடிப்பார்கள். ஊரில் மணிச் சத்தம் கேட்டால் எந்தச் சபையாராக இருந்தாலும் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் பொருந்தும். ராஜா கேள்வி கேட்க, பதில் சொல்வதற்கு முன் அந்த இடைவெளியிலேயே நெகேமியா ஜெபித்ததை நெகேமியா 2:4இல் பார்க்கிறோம். மேலதிகாரி அறைக்குள் நுழையும் முன்பு அதுபோல ஒரு வரி ஜெபம் போதும்.

12. தவறிய நாளுக்கு வட்டி கட்டாதீர்கள். காய்ச்சல், விருந்தாளிகள், கைக்குழந்தை என்று ஏதோ ஒன்றால் ஜெபம் விட்டுப்போகும். மறுநாள் இரண்டு மடங்காக உட்கார வேண்டாம். எப்போதும் போல 5 நிமிடம் உட்காருங்கள். களைத்துப்போன இரவில் 8 வசனங்கள் கொண்ட 4ஆம் சங்கீதத்தைப் படுத்துக்கொண்டே வாசிக்கலாம். நாம் தூங்கிவிட்டால் கோபித்துக்கொள்ளும் தகப்பன் அல்ல அவர்.

பன்னிரண்டையும் நாளைக்கே தொடங்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் செய்யுங்கள். இன்று இரவு பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும், அந்தத் துணிப்பையை ஆணியில் மாட்டிவிட்டுப் படுங்கள். காலையில் அது உங்களுக்காகக் காத்திருக்கும்.