மறைத்தால் வளரும் நோய்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் வந்த நோயை வெளியே சொல்லாமல் மறைப்பதும் நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை இம்மறைப்பே உயிருக்கு உலை வைக்கிறது.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் சில கட்டுப்பாட்டை மீறிப் பெருகுவதே புற்றுநோய். இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்குபவை மார்பகப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஆகும். தொடக்கத்தில் இவை பெரும்பாலும் வலிப்பதில்லை. அந்நிலையிலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். அப்படியிருந்தும் நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். ஏன்?

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது, தோழி ஒருத்தி தன் பெரியம்மாவின் கதையைக் கூறினாள். மார்பில் கட்டி தோன்றி ஓராண்டாகியும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘பரம்பரை வியாதி என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டால்?’ என்று அஞ்சினாராம். திருமணம் இனிதே முடிந்தது. அடுத்த பொங்கலுக்குப் பெரியம்மா இல்லை. கேட்ட நாங்கள் வாயடைத்துப் போனோம்.

இதுபோன்ற தடைகள் பல. முதலாவது நாணம். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசுவோர் பலர். இரண்டாவது தவறான நம்பிக்கை. புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயன்று. முன்வினைப் பயனும் அன்று. ஆயினும் நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் வீடுகள் உள்ளன. மூன்றாவது, தம்மைக் கடைசியாக எண்ணும் தாய்மாரின் இயல்பு. பட்டணத்து மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும், அடுப்பும் எரியாது என்று அவர்கள் நாள் கடத்துகிறார்கள்.

இத்தடைகளை வெல்ல முடியுமா? முடியும் என்பதைத் தமிழகமே காட்டியுள்ளது. 1923 இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பின்னர், 2000 ஆம் ஆண்டில், திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பர். மாறுதல் அடைந்த இடம் வெண்மையாகத் தெரியும். சில நிமிட வேலைதான்! பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு, மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்ததாக 2007 இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் அங்கும் 49,311 பெண்களுள் 31,343 பேரே பரிசோதனைக்கு வந்தனர். ஊர் தேடி வந்த உதவியையும் ஏறத்தாழ 18,000 பேர் பெறவில்லை. மருத்துவம் வாசல் வரை வரலாம். உள்ளிருந்து கதவைத் திறப்பது நம் கடமையன்றோ?

அன்புத் தோழியரே! நம் அன்னையர் நமக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். தம் வலியை மட்டும் சொல்வதில்லை. எனவே நாம் கேட்போம். இன்றிரவே அருகில் அமர்ந்து, “அம்மா, உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்று கேட்போம். அவர்கள் தயங்கினால், கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்!