நன்னாரிக்கு ரூட் பீர் என்ன முறை?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரர் பீப்பாய் வடிவத்தில் பழுப்பு மிட்டாய் கொடுத்தார். உறையில் ‘ரூட் பீர்’ என்று இருக்கிறது. “நம்ம நன்னாரிதான், அங்கே போய்ப் பேர் மாத்திக்கிச்சு” என்கிறார். வாயில் போட்டால் மூட்டுவலித் தைலம் போலிருக்கிறது. நன்னாரியிலிருந்துதான் ரூட் பீர் வந்ததா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வரவில்லை. உங்கள் மூக்கை நம்புங்கள். இந்தக் குழப்பத்துக்கு மூலம், மருந்து வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு பெயர். மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் ஸ்மைலாக்ஸ் என்றொரு முட்கொடி வளர்கிறது. ஸ்பானியர்கள் அதற்குச் சார்சபரில்லா என்று பெயர் வைத்தார்கள். முட்புதர், சிறு திராட்சைக்கொடி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. 16-ஆம் நூற்றாண்டில் அதன் வேர் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் மேகநோய்க்கு மருந்தானது, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்றும் பேர் வாங்கியது. பின்னாளில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார டாக்டர்கள், நாட்டு வைத்தியர்கள் நன்னாரி வேரை ஏறக்குறைய அதே நோய்களுக்குக் கொடுப்பதைக் கண்டு, அதை ‘இந்தியச் சார்சபரில்லா’ ஆக்கிவிட்டார்கள். 1864-இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருந்து நூலிலும் நன்னாரி இடம்பிடித்தது. வேலை ஒன்று என்பதற்காகப் பேரைக் கொடுத்தார்களே தவிர, செடிகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்மைலாக்ஸ் முள்ளும் பற்றுக்கம்பியுமாகப் படர்வது. நன்னாரி, கிள்ளினால் பால் வடியும் எருக்கங்குடும்பத்துக் கொடி. (சர்பத்துக்கும் சார்சபரில்லாவுக்கும் ஓசை ஒத்துப்போவதும் தற்செயல்தான். சர்பத், குடிப்பது என்ற பொருளுள்ள அரபு வேரிலிருந்து வந்த சொல்.)

ரூட் பீரின் கதை வேறு. வேர்களையும் பட்டைகளையும் கொதிக்கவைத்து லேசாகப் புளிக்கவிட்டுக் குடிப்பது வட அமெரிக்கக் கிராமத்து வழக்கம். பிலடெல்பியாவில் மருந்துக்கடை வைத்திருந்த சார்லஸ் ஹையர்ஸ், 1876-இல் அந்நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக் காலத்தில் அதைக் கடைச்சரக்காக்கினார். பேரில்தான் பீர், மதுவிலக்குக்காரர்களுக்கு ஏற்ற பானம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதன் ருசிக்கு முதுகெலும்பு சாசஃபிராஸ் மரத்தின் வேர்ப்பட்டை. சார்சபரில்லாவும் பல பக்குவங்களில் சேர்ந்தது, ஆனால் அந்த வேருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. கொஞ்சம் கசப்பையும் நிறையப் பெருமையையும் கொடுத்தது, அவ்வளவுதான். சாசஃபிராஸ் எண்ணெயில் உள்ள சாஃப்ரோல் ஆய்வுக்கூட எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவது தெரிந்ததும், 1960-இல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கக்கூடாது என்று தடுத்துவிட்டது. முதுகெலும்பு போன இடத்தில் முன்னால் வந்து நின்றது, ஏற்கெனவே கூட்டத்தில் ஒன்றாக இருந்த விண்டர்கிரீன் வாசனை. வேதியியலில் அதன் பெயர் மெத்தில் சாலிசிலேட். இதே பொருள்தான் நம்மூர் வலித் தைலங்களிலும் இருக்கிறது. இதைத் தரும் செடியின் இந்திய இனம் நீலகிரியில் வளர்கிறது. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்து பாட்டிலில் விற்கிறார்கள். ஆக, மிட்டாயில் தைலம் மணப்பது உங்கள் கற்பனையல்ல. இரண்டிலும் இருப்பது ஒரே சரக்கு.

நன்னாரியின் மணமோ முற்றிலும் வேறொரு பொருள். வேரிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த வாசனை உங்கள் ஊர்ச் சமையலறைகளுக்கு நன்றாகவே தெரியும். கும்பகோணம், தஞ்சாவூர் வீடுகளில் மோரில் ஊறப்போடும் மாகாளிக்கிழங்கின் மணமும் இதே பொருளால்தான். கழுவி, தோல் சீவி, நடு நரம்பை உருவி எறிந்து, பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாயும் கடுகும் அரைத்துக் கலந்த மோரில் போட்ட அந்த ஜாடியைத் திறந்தால், தயிர்சாதத்துக்கு இதைவிட வேண்டுமா என்று ஒருவர் உட்காருவார். மூட்டைப்பூச்சி நாற்றம் என்று இன்னொருவர் எழுந்து போவார். நன்னாரி வயல்காட்டுப் பயிரல்ல. டெல்டாவின் வண்டலில் அதைத் தேடுவதைவிட, நாட்டு மருந்துக் கடையில் கட்டாகக் கேட்டு வாங்கிப் பானைத் தண்ணீரில் போடுவதே இங்கத்திய வழக்கம். மாகாளியோ மலைச்சரக்கு. மணம் ஒன்றே என்பதால் சர்பத் வியாபாரத்தில் நன்னாரிக்குப் பதிலாக மாகாளி நுழைவதும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நன்னாரி வேர் ஊறிய தண்ணீர் இளம்பழுப்புதான், பாட்டிலில் தெரியும் கருமை பெரும்பாலும் கருக்கிய சர்க்கரை. ரூட் பீர் மிட்டாயின் பழுப்பும் அநேகமாக அப்படித்தான். இரண்டு கருக்கிய சர்க்கரைகளைப் பார்த்துக் கண் உறவு கொண்டாடுகிறது.

“அப்படியானால் மிட்டாய் கரைந்து முடியும்போது நன்னாரி சாயல் வருகிறதே?” என்று உறவுக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மிட்டாயைச் சப்பினால் வெறும் இனிப்புதான் தெரியும். கையை எடுத்ததும் தைலம் முந்திக்கொண்டு வரும், அது அடங்கிய பிறகு பின்னாலிருந்து வெனிலா எட்டிப்பார்க்கும். ரூட் பீர் பக்குவங்களில் வெனிலா சேர்ப்பது வழக்கம். வெனிலாவின் வாசனைப் பொருளான வெனிலினும் மேலே சொன்ன நன்னாரிப் பொருளும் அதே அணுக்களை அதே எண்ணிக்கையில் கொண்டவை. இரண்டு கிளைகள் உட்காரும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. உறவுக்காரர் நாக்கு கண்ட சாயல் நிஜம்தான், அது வேர் வழி வராமல் வெனிலா வழி வந்தது. நன்னாரியை ஒரு வாய் குடித்துப்பார்த்தால் வரிசையே வேறு: வெனிலா சாயல் முதலிலேயே வரும், கூடவே மழை விழுந்த மண் போல ஒன்று, கடைசியில் மெல்லிய கசப்பு. தைலம் எங்கேயும் இல்லை.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு: தமிழ் நாக்குக்கு ரூட் பீர் ஒத்துவராது, அதனால்தான் தைலம் என்கிறோம் என்பது. இதை ஏற்க முடியாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தஞ்சை மாவட்டத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் மலேசியாவில் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் 1963-இலேயே ஏ அண்ட் டபிள்யூ கடை திறந்து, உறையவைத்த கண்ணாடிக் குவளையில் ரூட் பீர் ஊற்றிக் கொடுத்தது. கடைகளில் ‘சார்சி’ என்ற பானமும் கிடைக்கும். அங்கே வளர்ந்த தமிழனுக்கு அந்த வாசனை பிறந்தநாளையும் விடுமுறையையும் நினைவூட்டும். இங்கே வளர்ந்தவனுக்குப் பாட்டியின் முழங்காலை. நாக்கு ஒன்றுதான், முதலில் எதோடு சேர்த்து முகர்ந்தோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

சரி, நன்னாரி ஏன் கமர்கட், ஆரஞ்சு மிட்டாய் போல ஊரெங்கும் மிட்டாயாகவில்லை? கெட்டி மிட்டாய்க்குப் பாகு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும், தண்ணீர் அநேகமாக முழுதும் போய்விட வேண்டும். அந்தச் சூட்டில் வேர்க் கஷாயத்தை ஊற்றினால் வாசனை ஆவியோடு போகும், பாகும் இளகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி ஆறும்போது நாலு சொட்டு எசென்ஸ் விடுவதே மிட்டாய்க்காரர் முறை. விண்டர்கிரீன் எண்ணெய் அதற்குத் தோதாகப் பாட்டிலில் வருகிறது. நன்னாரியோ இடித்து, நடுக்கட்டையை நீக்கி, பட்டையை மட்டும் ராத்திரி முழுக்க ஊறவைக்கும் பொறுமையைக் கேட்கும், அதைத் தண்ணீரில் இறக்குவதே வழக்கம். மிட்டாயும் சர்பத்துமாக எதிரெதிரே வைத்து முகர்ந்த பிறகு உறவுக்காரர் முறை கேட்டால் சொல்லுங்கள்: நன்னாரிக்கு மாகாளி கூடப்பிறந்தது, வெனிலா சித்தப்பா வீட்டுப் பிள்ளை. ரூட் பீர், அந்த வெனிலா வீட்டுக்கு வந்துபோகிற சிநேகிதர்.