சொல்பவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?



நோய் வந்த வீட்டிற்கு ஆலோசனை சொல்ல வருவோர் பலர். "இந்தக் கஷாயத்தை ஒரு மண்டலம் குடியுங்கள், சலரோகம் இருந்த இடம் தெரியாது" என்பார் ஒருவர். "இந்த எண்ணெயைப் பூசினால் கட்டி கரைந்துவிடும், வெட்டுக்குப் போக வேண்டாம்" என்பார் இன்னொருவர். இவர்களுட் பெரும்பாலானோர் நம்மீதுள்ள அன்பினாலேயே இவ்வாறு சொல்கின்றனர். சொன்னவர் வயதில் மூத்தவர், படித்தவர், பக்தியுள்ளவர் என்பதனால் நாமும் மறுகேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றோம். இதற்காகச் சிலர் பணத்தை இழக்கின்றனர். சிலர் உயிரையே இழக்கின்றனர். ஆகவே, நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் ஒருவர் சொல்வதை எவ்வாறு சீர்தூக்கிப் பார்ப்பது என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

கேகாலைப் பாணி

கண்டியிலிருந்து கொழும்பு வீதியால் கடுகண்ணாவைக் கணவாயை இறங்கி, மாவனெல்லையைக் கடந்து சென்றால் கேகாலையை அடையலாம். 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே அப்பகுதிக் கிராமமொன்றை நோக்கி நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர். கொவிட்-19 தொற்று பரவிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டங்கூடலாகாது என்று கட்டுப்பாடும் இருந்தது. ஆயினும், தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தயாரித்த பாணியைப் பெறுவதற்காக மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றனர். அதை அருந்தினால் வாழ்நாள் முழுவதும் அத்தொற்று அணுகாது என்று கூறப்பட்டது. காளி தேவியே அதன் செய்முறையைத் தமக்கு வெளிப்படுத்தியதாக அவர் சொன்னார்.

மக்கள் இவ்வாறு நம்பியதற்கு ஒரு முக்கிய காரணம் உண்டு. அப்போது சுகாதார அமைச்சராயிருந்த பவித்ரா வன்னியாராச்சி அவர்கள் அப்பாணியைப் பகிரங்கமாக அருந்தினார். வேறு சில அரசியல்வாதிகளும் அருந்தினர். தொலைக்காட்சியில் அதைக் கண்ட மக்கள், "சுகாதார அமைச்சரே குடிக்கிறார், அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று முடிவு செய்தனர். 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அதே அமைச்சருக்குக் கொவிட் தொற்று இருப்பது உறுதிசெய்யப்பட்டது. அவர் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சியே.

அதற்கு முன்னர், 2020 நவம்பரில், எலியந்த வைட் என்பவர் மந்திரித்துக் கொடுத்த நீரை அமைச்சர் ஆற்றில் ஊற்றியதும் செய்தியாயிற்று. அது கொள்ளைநோயை அகற்றும் என்பது நம்பிக்கை. 2021 செப்டெம்பரில் எலியந்த வைட் அவர்களே கொவிட் நோயினால் காலமானார். மரித்தவரை எள்ளி நகையாடுவது நமக்குத் தகாது. தம் வாக்கைத் தாமே முழுமையாக நம்பும் ஒருவரும் தவறாயிருக்கக்கூடும் என்பதற்காகவே இதை எடுத்துக்காட்டினோம். ஒருவரின் நேர்மை அவர் கூற்றுக்கு அத்தாட்சியாகாது.

நிபுணர் என்ற பட்டம்

"சாமியார்களை நம்பினால் இப்படித்தான், நிபுணர்களை நம்பியிருந்தால் தவறு நேராது" என்று சிலர் எண்ணலாம். அக்காலத்திலேயே நம் நாட்டில் நடந்த மற்றொன்றைப் பாருங்கள். கொவிட் நோயினால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் வழியாக நோய் பரவும் என்பது அதற்காகச் சொல்லப்பட்ட நியாயம். அதைச் சொன்னோர் நிபுணர் என்ற பட்டத்தோடு சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமோ அடக்கம் செய்வதற்கு இடமளித்திருந்தது. பற்பல நாடுகள் அடக்கம் செய்துகொண்டும் இருந்தன. நீரினால் நோய் பரவியதற்குச் சான்று எங்கே என்று நம் நாட்டு வைத்தியர்கள் பலரும் கேட்டனர். ஆயினும் 2021 பெப்ரவரி வரை அவ்விதி நீக்கப்படவில்லை. அதற்கிடையில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்களும், கிறிஸ்தவக் குடும்பங்களும், தம் அன்புக்குரியோரை மண்ணில் அடக்கம் செய்ய இயலாமல் கண்ணீர் வடித்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, எரிந்த உடல்கள் திரும்பி வரவில்லை.

இரு நிகழ்ச்சிகளிலும் நேர்ந்த தவறு ஒன்றே. "யார் சொன்னார்?" என்ற கேள்வியோடு நின்றுவிட்டனர். "அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர்களுக்குச் செவிகொடுக்கப்படவில்லை.

நாட்டு வைத்தியம் இழிவானதா?

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணம் எழலாகாது. மூலிகையிலிருந்து வந்ததெல்லாம் பொய், ஆங்கில மருந்தெல்லாம் மெய் என்று நாம் சொல்லவில்லை. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள அக்கலைப் பூங்காவுக்கு நம்மவர் பலர் உல்லாசப் பயணம் சென்றிருப்பர். 1861ஆம் ஆண்டில் அது நிறுவப்பட்டது பூக்களைப் பார்ப்பதற்காக அன்று. சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. அம்மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்த இயேசு சபையினர் ஐரோப்பாவுக்கு அறிவித்தனர். அதனால் அதற்கு "இயேசு சபையாரின் பட்டை" என்ற பெயரே வழங்கிற்று. கத்தோலிக்கக் குருக்கள் கொண்டுவந்தது என்பதற்காகவே அதை ஏற்க மறுத்த புரட்டஸ்தாந்தர்களும் இருந்தனர். பட்டையோ, அருந்தியவர் எம்மதத்தவர் என்று பாராமல் மலேரியாக் காய்ச்சலைத் தணித்தது. 1820ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் அதிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். நம் பாட்டன்மாரும் அம்மருந்தினால் பிழைத்தனர். கொண்டுவந்தவரை விரும்பியதால் அது மருந்தாகிவிடவில்லை. வெறுத்ததால் மருந்தல்லாமற் போகவுமில்லை. மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டபோது பயன் தந்தது என்பதாலேயே அது நிலைத்தது.

லூர்து நகர் கற்பிப்பது

காளியின் பெயரால் வந்த பாணியைக் கண்டு நகைக்கும் நாம், அர்ச்சிஷ்டவர் ஒருவரின் பெயரால் வரும் எண்ணெய்ப் போத்தலைக் கண்டால் எப்படி நடந்துகொள்வோம்? அளவுகோல் இரு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். திருச்சபை தன் வீட்டுக்குள்ளேயே அவ்வளவுகோலை வைத்திருக்கின்றது. லூர்து நகரில் குணமடைந்ததாகச் சொல்லப்படுவோரைப் பரிசோதிப்பதற்கு 1883ஆம் ஆண்டு முதல் வைத்தியப் பணியகமொன்று இயங்கி வருகின்றது. நோய் முன்னரே சரியாக நிர்ணயிக்கப்பட்டதா, குணம் முழுமையானதா, நிலைத்து நின்றதா, பெற்ற சிகிச்சையினால் நேர்ந்திருக்கக்கூடுமா என்றெல்லாம் வைத்தியர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்கின்றனர். இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அறிவித்திருக்க, புதுமையென்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை எழுபதை ஒட்டியவையே. தேவதாயின் பெயரால் சொல்லப்படுவதையே இவ்வளவு பொறுமையாகச் சோதிக்கும் திருச்சபையின் பிள்ளைகள், சந்தியில் விற்கும் மருந்தைச் சோதியாமல் வாங்கலாமா?

நான்கு கேள்விகள்

ஆகவே, புதிய மருந்தைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ கேள்விப்படும்போது பின்வரும் நான்கையும் மனத்திற் கொள்வீர்களாக.

1. இவர் எத்துறையில் தேர்ந்தவர்? நாடாளத் தெரிந்தவருக்கு நோய் தீர்க்கத் தெரியும் என்ற நியதி இல்லை. நன்கு பிரசங்கிக்கும் குருவானவருக்கும் இது பொருந்தும். ஆங்கில வைத்தியராயின் இலங்கை மருத்துவ சபையிலும், சுதேச வைத்தியராயின் ஆயுர்வேத மருத்துவ சபையிலும் பதிவு பெற்றிருக்கின்றாரா என்று விசாரியுங்கள்.

2. மருந்தினால்தான் குணமாயிற்று என்று எப்படித் தெரியும்? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். கொவிட் தொற்றியவர்களுட் பெரும்பாலானோர் எப்பாணியும் குடியாமலே குணமடைந்தனர். மருந்து எடுத்தவர்களையும் எடாதவர்களையும் போதிய தொகையில் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை தெரியவராது.

3. இது தவறென்று கண்டால் ஒப்புக்கொள்வார்களா? நாமே எல்லாவற்றையும் ஆராய்ந்தறிய இயலாது. யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும். தம் கூற்றைப் பிறர் சோதிக்க இடங்கொடுப்பவரை நம்புவது விவேகம். கேள்வி கேட்டால் கோபிப்பவரிடமிருந்தும், "நம்பிக்கை குறைந்ததால்தான் குணமாகவில்லை" என்பவரிடமிருந்தும் விலகி நில்லுங்கள்.

4. எதை நிறுத்தச் சொல்கின்றார்? இதுவே மிக முக்கியமான கேள்வி. தேனும் சாதிக்காயும் சிறிதளவில் பெரும்பாலானோருக்குப் பெருந்தீங்கு செய்யா. ஆனால் அவற்றை நம்பி இன்சுலினையோ, பிரஷர் குளிசையையோ, புற்றுநோய்ச் சிகிச்சையையோ நிறுத்தினால் ஆபத்து நேரும். வைத்தியரிடம் கேளாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்றிரவு செபமாலைக்குப் பின் வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் தந்தவர் யார், எதற்காகத் தந்தார் என்று பிள்ளைகள் கேட்கட்டும். பதில் தெரியாதவற்றைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த முறை பேராதனைக்கோ கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கோ கிளினிக் போகும்போது கொண்டுசென்று காட்டுங்கள். பாட்டியோ தாத்தாவோ இரகசியமாக ஏதேனும் எடுத்துவந்தால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வேதனை தாங்க முடியாதவரும், கிளினிக் வரிசையில் நின்று களைத்தவருமே இத்தகைய வாக்குறுதிகளுக்கு எளிதில் இணங்குகின்றனர். அவரோடு ஒருவர் துணையாகச் சென்று, அவர் கேட்கத் தயங்கும் கேள்விகளை வைத்தியரிடம் கேட்டு, பதிலை எழுதி வாருங்கள்.